இடது கால் – ஒரு ரோபோ கொசுவர்த்தி

டிஸ்கி: இது கொஞ்சம் நீளமான கொசுவர்த்தி மக்கா. ஒரு டீயைப் போட்டு எடுத்துட்டு வந்து உக்காந்துக்குங்க. நடுவுல ஹிஸ்டரி கிளாஸும் உண்டு, தூங்கினா நான் பொறுப்பில்லை.

2004. எனக்கு ஆறு வயசு. விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சி. ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளக் கடைக்கும் நடுவுல தார்ப்பாய் விரிச்சு ஒருத்தர் பிளாஸ்டிக் பொம்மை வித்துக்கிட்டு இருந்தார். அதுல மஞ்சள் கலர்ல ஒரு சிமென்ட் கலவை வண்டி. பார்க்க சாதாரண வண்டிதான். கடைக்காரர் அதைக் கையில எடுத்தார், இழுத்தார், மடக்கினார், ஒரு திருப்பு திருப்பினார். வண்டி எழுந்து நின்னுச்சு! ரெண்டு கால், ரெண்டு கை, ஒரு தலை. நான் அந்த இடத்தை விட்டு நகரல. அப்பா 60 ரூபாயை 40-ஆ அடிச்சுப் பேசி வாங்கிக் குடுத்தார்.

அதுக்கு டப்பா கிடையாது, பேரு கிடையாது, கம்பெனி கிடையாது. கட்டட வேலைக்குப் போற வண்டிங்கறதால நானே "மேஸ்திரி"ன்னு பேரு வெச்சேன். மேஸ்திரி என்கூட பள்ளிக்கூடம் வந்தார், ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கினதும் அதுக்குள்ள போக முடியாம பைக்குள்ளேயே இருந்தார், ஒரு சக்கரத்தை இழந்தார். எனக்கு ஒரே ஒரு சந்தேகம் மட்டும் தீரவே இல்ல. அவர் உடம்புல ஒரு ஓட்டை இருந்துச்சு. வண்டியா இருந்தாலும் சரி, ரோபோவா நின்னாலும் சரி, அந்த ஓட்டைக்கு ஒரு வேலையும் இல்ல. அப்பாகிட்ட கேட்டேன். "செஞ்சவன் எதையாவது நெனச்சுத்தான் வெச்சிருப்பான்"னார்.

செஞ்சவன் என்ன நெனச்சான்னு தெரிய 17 வருஷம் ஆச்சு.

2021-ல, எல்லாரும் வீட்டுல இருந்து வேலை பார்த்துக்கிட்டிருந்த நேரம். எங்க டீம் ஆர்க்கிடெக்ட் அமெரிக்காக்காரர், 45 வயசு தாண்டினவர். வழக்கமா கேமராவை ஆன் பண்ண மாட்டார். அன்னைக்குப் பண்ணார். பின்னாடி அலமாரி முழுக்க ரோபோ. நடுவுல பச்சையும் ஊதாவுமா ஒரு பெரிய ராட்சசன். மீட்டிங்ல பேசறதை விட்டுட்டு நான் அதையே பார்த்தேன். ஆறு கட்டட வண்டிகள் சேர்ந்து ஒரே ஆளா நிக்குது. புல்டோசர் ஒரு கை, பள்ளம் தோண்டற வண்டி இன்னொரு கை, கிரேன் நெஞ்சு, டிப்பர் லாரி இடுப்பு. அந்த இடது கால்... சிமென்ட் கலவை வண்டி. என் மேஸ்திரி! கலர் மட்டும்தான் வேற.

அதாவது இத்தனை வருஷமா நான் முழு ரோபோன்னு நெனச்சு வெச்சிருந்தது ஒரு ராட்சசனோட இடது கால். அந்த ஓட்டை, மீதி உடம்பு வந்து மாட்டிக்கறதுக்கு!

அன்னைக்கு ஆரம்பிச்ச நோண்டல்தான் இந்தப் பதிவு.

* * *

ஆர்க்கிடெக்ட்டோட ராட்சசன் பேரு டெவஸ்டேட்டர். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில 1985-ல வந்தது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ்னா நம்மில் பல பேருக்கு 2007-ல வந்த மைக்கேல் பே படம்தான் ஞாபகம் வரும். படத்துக்கு 23 வருஷம் முன்னாடியே அது பொம்மை. பொம்மைக்கும் முன்னாடி அது வேற பேர்ல, வேற நாட்டுல இருந்துச்சு.

கதை ஒரு சுத்து சுத்தி வரும், கவனமா கேளுங்க. அமெரிக்காவுல ஹாஸ்ப்ரோ கம்பெனி 1964-ல ஜி.ஐ. ஜோ-ன்னு ஒரு பட்டாளத்துக்காரன் பொம்மை விட்டாங்க. ஜப்பான்ல டகாரா கம்பெனி அதோட உரிமத்தை வாங்கி வித்தாங்க. அந்த உடம்பையே வெச்சு 1972-ல உள்ளே எந்திரம் தெரியற மாதிரி கண்ணாடி பிளாஸ்டிக்ல ஹென்ஷின் சைபோர்க்னு ஒண்ணு செஞ்சாங்க. அப்புறம் 1974-ல அதைச் சுமார் 10 சென்டிமீட்டருக்குச் சுருக்கி மைக்ரோமேன். பெட்ரோல் நெருக்கடி காலம், பிளாஸ்டிக் விலை ஏறிக் கிடந்தது, அதனால பொம்மையைச் சின்னதாக்கறது லாபமான யோசனையாவும் இருந்துச்சு.

1980-ல அடுத்தது, டயாக்ளோன். இதுல ரோபோவுக்கு உயிர் கிடையாது. அது வெறும் வாகனம். உள்ளே உக்காந்து ஓட்ட, காலில் காந்தம் வெச்ச விரல் நுனி சைஸ் மனுஷங்க வருவாங்க. கொஞ்ச நாள்ல நிஜக் கார், நிஜ லாரி மாதிரியே இருந்து ரோபோவா மாறுற வண்டிகள் இதுல சேர்ந்துச்சு. 1983-ல மைக்ரோமேன் பக்கத்துல இருந்து மைக்ரோ சேஞ்ச்னு ஒரு கிளை. இது வீட்டுச் சாமான். கேசட் பிளேயர், மைக்ராஸ்கோப், கேமரா, துப்பாக்கி எல்லாம் அசல் அளவுக்குக் கிட்டத்தட்ட இருக்கும், மடக்கினா ரோபோ ஆகும். யோசிச்சுப் பாருங்க, ஜோட்டாங்கைக்குள்ள அடங்கற கேசட் பிளேயர் எழுந்து நின்னா எந்தப் பையன்தான் சும்மா இருப்பான்?

டகாரா இதை அமெரிக்காவுல டயாக்ரான்ங்கற பேர்ல தானே விக்கப் பார்த்தாங்க. ஓடல. கடைசியில ஹாஸ்ப்ரோ வாங்கினாங்க. அமெரிக்காவை விட்டுப் போன ஜி.ஐ. ஜோவோட பேரன், பேத்திகள் 1984-ல தாத்தா வீட்டுக்கே திரும்பி வந்த மாதிரி.

* * *

ஹாஸ்ப்ரோவையும் டகாராவையும் சேர்த்து வெச்ச தரகர் ஒருத்தர் உண்டு. பேரு ஹென்றி ஓரன்ஸ்டீன். இவர் கதையைப் படிச்சுட்டு அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

1923-ல போலந்துல பிறந்த யூதர். நாஜிகள் வந்தப்போ அவரோட அப்பா அம்மா கொல்லப்பட்டாங்க. இவரும் கூடப் பிறந்தவங்களும் வதை முகாமுக்குப் போனாங்க. ஒரு நாள் முகாம்ல, விஞ்ஞானிகளும் கணக்கு நிபுணர்களும் இருந்தா பேர் குடுங்கன்னு அறிவிப்பு. இவருக்கு அந்தப் படிப்பெல்லாம் கிடையாது. ஆனாலும் கணக்கு நிபுணர்னு பேர் குடுத்தார், சகோதரர்கள் பேரையும் சேர்த்தார். அந்த ஆராய்ச்சிக் குழுவே ஒரு டுபாக்கூர். போர்முனைக்குப் போகாம தப்பிக்கறதுக்காக ஜெர்மன் ஆளுங்களே உருவாக்கி வெச்ச ஏற்பாடு. அந்தப் பொய்யும் இந்தப் பொய்யும் சேர்ந்து இவர் உயிரைக் காப்பாத்துச்சு. அஞ்சு முகாம்களைத் தாண்டி உயிரோட வெளியே வந்தார்.

1947-ல அமெரிக்கா போனார். பொம்மை வியாபாரத்துல இறங்கினார். டாப்பர்னு சொந்தக் கம்பெனி, நல்லா வளர்ந்துச்சு. 1970-கள்ல திவாலும் ஆச்சு. அப்புறம் மத்த கம்பெனிகளுக்கு யோசனை சொல்றவரா வாழ்க்கையை மறுபடி ஆரம்பிச்சார். அப்படித்தான் அந்த ஜப்பான் பொம்மைங்க அவர் கண்ணுல பட்டுச்சு. இதை நம்ம சாதாரண பொம்மையா விக்கக் கூடாது, பெருசா விக்கணும்னு ஹாஸ்ப்ரோவை நம்ப வெச்சார். நூத்துக்கும் மேல காப்புரிமை வெச்சிருந்தவர். டிவியில போக்கர் ஆட்டம் காட்டும்போது ஆட்டக்காரர் கையில இருக்கற சீட்டை மேஜைக்கு அடியில இருந்து கேமரா காட்டுதே, அதுவும் இவரோட காப்புரிமைதான், 1995-ல வாங்கினது. 2021 டிசம்பர்ல, 98 வயசுல காலமானார்.

வாழ்க்கையில ஒரு தடவை வேற ஆளா மாறி உயிர் பிழைச்சவர், மாறிக்கிட்டே இருக்கற பொம்மையை உலகத்துக்குக் குடுத்தார். இதுக்கு மேல நான் எதுவும் சொல்லல.

* * *

சரி, பொம்மை கிடைச்சாச்சு. டயாக்ளோன்ல இருந்தும் மைக்ரோ சேஞ்ச்ல இருந்தும் பொறுக்கி எடுத்த கலவை. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் கிடையாது, அளவும் ஒத்துப் போகாது. துப்பாக்கியும் லாரியும் ஒரே உயரத்துல நிக்கணும். இதுக்கு ஒரு கதை வேணும். ஹாஸ்ப்ரோ மார்வெல் காமிக்ஸ்காரங்ககிட்ட போனாங்க. ஜிம் ஷூட்டர் அடிப்படைக் கதையை எழுதினார். வேற்றுக் கிரகத்து எந்திர உயிர்கள், ரெண்டு கட்சி, நல்லவங்க ஆட்டோபாட், கெட்டவங்க டிசெப்டிகான். ஓட்டறதுக்கு மனுஷன் வேண்டாம், ரோபோவுக்கே உயிர். ஆப்டிமஸ் பிரைம்ங்கற பேரு டென்னி ஓ'நீல் வெச்சது. மீதிப் பேர்கள்ல பெரும்பாலானதை வெச்சவர் பாப் புடியான்ஸ்கி.

நம்ம பொழப்பு பார்க்கறவங்களுக்கு இவர் நிலைமை நல்லாப் புரியும். முதல்ல எழுதின பேர்கள் கஸ்டமருக்குப் பிடிக்கல. டெட்லைன் தலைக்கு மேல. 1983 நவம்பர்ல, விடுமுறைக்கு முன்னாடி, வேற சிலர் முடியாதுன்னு சொன்ன வேலை இவர் மேஜைக்கு வந்துச்சு. ரெண்டு டஜனுக்கு மேல ரோபோக்களுக்குப் பேரும் குணமும் எழுதிக் குடுத்தார். மெகாட்ரான்ங்கற பேரு ரொம்ப பயமா இருக்கே, அணுகுண்டு ஞாபகம் வருதேன்னு ஹாஸ்ப்ரோல தயங்கினாங்களாம். வில்லன்னா பயமாத்தானே இருக்கணும்னு இவர் பதில். பேரு நின்னுடுச்சு.

இவர் எழுதின குணச்சித்திரம்தான் ஒவ்வொரு டப்பா பின்னாடியும் வந்துச்சு. பலம், அறிவு, வேகம், தாங்கும் சக்தி, பதவி, தைரியம், சுடும் திறன், திறமைன்னு எட்டு மார்க். சும்மா படிக்க முடியாது, கோடு கோடா கலங்கலா இருக்கும். கூடவே வர்ற சிவப்பு பிளாஸ்டிக் துண்டை மேல வெச்சாத்தான் தெரியும். மார்க் ஷீட்டைப் பிள்ளைங்க ஆசையா பார்த்தது உலக வரலாற்றுல அது ஒண்ணாத்தான் இருக்கும் :-)

ஆனா பழைய பொம்மையோட தழும்பு போகல. ஆர்க்கிடெக்ட் சொன்னார், சின்ன வயசுல அவர்கிட்ட இருந்த ஒரு கார் ரோபோவுல ஸ்டியரிங் பக்கத்துல சீட் இருந்துச்சாம். தானே ஓடற ரோபோவுக்கு எதுக்கு சீட்டுன்னு ரொம்ப நாள் மண்டையைக் குடைஞ்சாராம். அது டயாக்ளோன் குட்டி டிரைவர் உக்கார்ற சீட்! கப்பல் ஏறி வந்தப்போ டிரைவரை மட்டும் இறக்கி விட்டுட்டாங்க, சீட் அப்படியே வந்துடுச்சு. எனக்கு ஒரு ஓட்டை, அவருக்கு ஒரு சீட். அன்னைக்குத்தான் நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ் விஷயம் தாண்டி ஃப்ரெண்ட் ஆனோம்.

* * *

இப்போ கொஞ்சம் கசப்பான பகுதி.

1984 செப்டம்பர்ல டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூன் டிவியில வந்துச்சு. அது கார்ட்டூனா, விளம்பரமா? உண்மையைச் சொன்னா ரெண்டும்தான். புது பொம்மை கடைக்கு வந்தா அது கதையிலயும் வந்து குதிக்கும். ஒரு உதாரணம் சொல்றேன். ஜெட்ஃபயர்னு ஒரு விமானம். அந்த பொம்மை டகாராவோடது இல்ல, டகடோக்கு கம்பெனி மேக்ராஸ் கார்ட்டூனுக்காகச் செஞ்சது. டகடோக்கு படுத்த பிறகு அச்சு போட்டிக் கம்பெனி பண்டாய் பக்கம் போயிடுச்சு. அதனால கார்ட்டூன்ல உருவத்தையும் மாத்தி, பேரையும் ஸ்கைஃபயர்னு மாத்தினாங்க. கதையை யார் எழுதறாங்கன்னு புரியுதில்ல?

இப்படி ஒரு நிகழ்ச்சி பத்து வருஷம் முன்னாடி வந்திருக்கவே முடியாது. 1969-ல ஹாட் வீல்ஸ் கார்களை வெச்சு ஒரு கார்ட்டூன் வந்தப்போ, இது நிகழ்ச்சியே இல்ல, அரை மணி நேர விளம்பரம்னு அமெரிக்காவோட ஒளிபரப்பு ஆணையமான எஃப்.சி.சி-க்கு ஒரு புகார் போச்சு. ஆணையமும் ஒத்துக்கிச்சு. அப்புறம் ரீகன் ஆட்சியில மார்க் ஃபௌலர் தலைவரா வந்தார். டிவிங்கறது படம் காட்டற டோஸ்டர், அவ்வளவுதான்னு நெனச்சவர். 1984-ல விளம்பர நேரக் கட்டுப்பாடுகளை எடுத்துட்டாங்க. கதவு திறந்துச்சு, ரோபோக்கள் உள்ளே வந்துச்சு. 1990-ல குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டம் போட்டு, வார நாள்ல மணிக்கு 12 நிமிஷம், வாரக் கடைசியில பத்தரை நிமிஷம்தான் விளம்பரம்னு மறுபடி கட்டுப்பாடு கொண்டு வந்தாங்க.

இதுல பெரிய தமாஷ் என்னன்னா, 1969-ல அந்தப் புகாரைக் குடுத்த போட்டிக் கம்பெனி எது தெரியுமா? டாப்பர். ஆமா, நம்ம ஹென்றி ஓரன்ஸ்டீனோட டாப்பர்! பிள்ளைங்களுக்குக் கதைங்கற பேர்ல பொம்மை விக்கறான்னு புகார் சொன்ன கம்பெனிக்காரர், 15 வருஷம் கழிச்சு அதே மாதிரி விஷயத்துலயே பெரிய வெற்றிக்கு வழி போட்டார். அவர் மேல எனக்குக் கோபம் வரல. வியாபாரி வியாபாரம் பண்ணார். ஆனா "என் பால்யம் எவ்வளவு தூய்மையானது"ன்னு கண்ணு கலங்கறவங்க இந்தப் பக்கத்தையும் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

அந்த விளம்பரத்துக்குள்ளயும் உயிர் எப்படி வந்துச்சுங்கறதுதான் எனக்கு ஆச்சரியம். ஆப்டிமஸ் பிரைமுக்குக் குரல் குடுத்தவர் பீட்டர் கல்லன். ஆடிஷனுக்குக் கிளம்பும்போது, வியட்நாம் போர்ல இருந்து வந்த அவரோட அண்ணன் லாரி, ஹீரோன்னா கத்தாதே, மென்மையா இருக்கற அளவுக்கு பலசாலியா இருன்னு புத்தி சொன்னதா கல்லன் பல பேட்டிகள்ல சொல்லியிருக்கார். அந்தக் குரல் அண்ணனோட குரல். கம்பெனி லாரியைத்தான் வித்துச்சு, பிள்ளைங்க எடுத்துக்கிட்டது ஒரு அண்ணனை.

அதுக்கு ஆதாரம் 1986 ஆகஸ்ட். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் முழுநீளக் கார்ட்டூன் படம் ரிலீஸ். 1984 பொம்மைகளைக் கடையில இருந்து எடுத்தாச்சு, புதுசு விக்கணும். அதனால பழைய ஆளுங்களை முதல் பாதியிலேயே வரிசையா காலி பண்ணிட்டாங்க. ஆப்டிமஸ் பிரைம் உட்பட. ஸ்டாக் கிளியரன்ஸ்! தியேட்டர்ல பிள்ளைங்க ஓன்னு அழுதாங்க, பெத்தவங்க கடுதாசி எழுதினாங்க. ஹாஸ்ப்ரோ ஆடிப் போயிட்டாங்க. அடுத்து வரவேண்டிய ஜி.ஐ. ஜோ படத்துல சாக வேண்டிய ட்யூக், கோமாவுக்குப் போனதா வசனத்தை மாத்தினாங்க. 1987-ல பிரைமை உயிரோட திருப்பிக் கொண்டு வந்தாங்க. எங்க ஆர்க்கிடெக்ட் அந்தப் படத்தைத் தியேட்டர்ல பார்த்தவர். "நான் முதல் தடவையா பார்த்த சாவு அது"ன்னார். சொல்லும்போது அவர் சிரிக்கல.

* * *

அப்புறம் வழக்கம் போல. கூட்டம் வேற பக்கம் போச்சு. 1990-ல மாறவே மாறாத டிரான்ஸ்ஃபார்மர்னு ஆக்ஷன் மாஸ்டர்ஸ் விட்டுப் பார்த்தாங்க (இட்லி இல்லாத இட்லிக் கடை!), அதோட அமெரிக்காவுல முதல் வரிசை முடிஞ்சுது. போட்டியா இருந்த டோங்கா கம்பெனியையும் அதோட கோபாட்ஸ் ரோபோக்களையும் 1991-ல ஹாஸ்ப்ரோவே வாங்கிப் போட்டாங்க. 1993-ல ஜெனரேஷன் 2-ன்னு மறுபடி ஒரு முயற்சி. அதுக்கப்புறம்தான் பழசுக்கு ஜி1-னு பேரு வந்துச்சு. ரெண்டாவது உலகப் போர் வந்த பிறகுதானே முதலாவதுக்கு நம்பர் போட்டாங்க, அது மாதிரி.

1994-ல இண்டியானா மாநிலம் ஃபோர்ட் வெய்ன்ல ரசிகர்கள் முதல் பாட்கான் கூட்டம் போட்டாங்க. அன்னைக்கு எட்டு வயசா இருந்தவன் இப்போ கல்லூரி. 1996-ல பீஸ்ட் வார்ஸ் வந்துச்சு. லாரிக்குப் பதில் தலைவர் கொரில்லாவா மாறுவார். ரசிகர்கள் கொதிச்சுட்டாங்க. "ட்ரக், நாட் மங்கி"ன்னு தப்பும் தவறுமான எழுத்துல ஒரு கோஷமே பிறந்துச்சு. லாரிதான் வேணும், குரங்கு வேண்டாம்! நம்மூர்ல ரீமிக்ஸ் பாட்டுக்கு நடந்த சண்டையை நெனச்சுக்குங்க. கடைசியில பார்த்தா பீஸ்ட் வார்ஸ் கதை பழசைவிட நல்லா இருந்துச்சு, இன்னைக்கு அதுக்கே தனி கொசுவர்த்திக் கூட்டம் இருக்கு.

2000-க்கு அப்புறம் கணக்கு மாறுச்சு. பழைய பையன்களுக்கு சம்பளம் வர ஆரம்பிச்சுது. பழைய பொம்மைகளை டகாராவும் ஹாஸ்ப்ரோவும் மறுபடி அச்சடிச்சாங்க. 2003-ல டகாரா மாஸ்டர்பீஸ்னு பெரியவங்களுக்காகவே ஒரு ஆப்டிமஸ் பிரைம் செஞ்சாங்க. 2019-ல ஹாஸ்ப்ரோ ஒரு பந்தயம் வெச்சாங்க. யூனிக்ரான், கிரகத்தையே முழுங்கற வில்லன், 69 சென்டிமீட்டர் உயரம், விலை 575 டாலர். 8000 பேர் முன்பணம் கட்டினாத்தான் செய்வோம். முதல் கெடுவுக்குள்ள ஆள் சேரல, தேதியைத் தள்ளிப் போட்டாங்க, அப்புறம் சேர்ந்துடுச்சு. 575 டாலரை உண்டியல் உடைச்சுக் குடுக்கற வயசு இல்ல அந்த 8000 பேருக்கும்.

2024-ல டகாரா டோமி மிஸ்ஸிங் லிங்க்னு ஒண்ணு விட்டாங்க. பார்க்க அச்சு அசல் 1984 பொம்மை. ஆனா கை, கால், முட்டி எல்லாம் மடங்கும். அசல் பொம்மை கட்டை மாதிரி நிக்கும், காலைத் தூக்கவே முடியாது. கார்ட்டூன்ல ஓடினதைப் பார்த்துட்டு, கையில இருந்த கட்டையை வெச்சு மனசுக்குள்ளயே ஓட விட்டாங்க பிள்ளைங்க. இப்போ விக்கறது அன்னைக்கு இருந்த பொம்மையை இல்ல, அன்னைக்கு மனசுல இருந்த பொம்மையை. கொசுவர்த்தின்னா என்னன்னு இதைவிட நல்லா யாரும் எனக்கு விளக்கினது கிடையாது.

* * *

சேகரிக்கறவங்க உலகத்துல எனக்கு ஒப்பாத ஒரு விஷயம் உண்டு. சீல் பிரிக்காத டப்பாவுக்கு மார்க் போட்டு, கனமான கண்ணாடி மாதிரி அக்ரிலிக் பெட்டிக்குள்ள அடைச்சுக் குடுக்கறதுக்குன்னே கம்பெனிகள் இருக்கு. அதுக்கு விலை பல மடங்கு. மாறுறதுக்குன்னே பிறந்த பொம்மை, வாழ்நாள்ல ஒரு தடவை கூட மாறாம உள்ளேயே கிடக்கும்.

அப்படி அடைச்சு வெச்சாலும் அது நிலைக்காது. வெள்ளை ஏ.பி.எஸ் பிளாஸ்டிக் வெயில் பட்டா மஞ்சளாகும். ஸ்டிக்கர் உரியும். 1980-களோட கடைசியிலயும் 1990-கள்லயும் வந்த சில பொம்மைகள்ல உலோகத் துகள் கலந்த தங்க நிற பிளாஸ்டிக் போட்டாங்க. அது தானாவே நொறுங்கும். கூட்டத்துல அதுக்கு கோல்டு பிளாஸ்டிக் சிண்ட்ரோம்னு வியாதி மாதிரி பேரே வெச்சிருக்காங்க. டப்பாவுல இருந்தாலும் விடாது. 25 வருஷம் பத்திரமா வெச்சு, ஆசையா எடுத்து முதல் தடவை கையைத் திருப்பும்போது படக்னு போயிடும். பொத்திப் பொத்தி வெச்சவனுக்கும் போட்டு உடைச்சவனுக்கும் கடைசியில ஒரே கதிதான்.

* * *

இனி மேஸ்திரி.

முழு டெவஸ்டேட்டர், 1985 அசல், எல்லாத் துண்டும் சேர்ந்தது விலை கேட்டா தலை சுத்துது. ஏன்னா பசங்க தொலைச்சது எல்லாம் சின்னச் சின்னத் துண்டு. முஷ்டி, தலை, துப்பாக்கி. அதுதான் இப்போ காசு. ரெண்டு வருஷம் தேடினேன். பெங்களூர்ல ஒருத்தர் அரைகுறை செட் விக்கறார்னு தெரிஞ்சுது. அஞ்சு வண்டி மட்டும் இருக்கு, ஒரு முஷ்டி இல்ல, அப்புறம் இடது காலும் இல்ல. அதனால யாரும் சீந்தலையாம். "இடது கால் இல்லாம நிக்காது சார், முன்னாடியே சொல்லிடறேன்"னார் நேர்மையா. "என்கிட்ட ஒண்ணு இருக்குங்க"ன்னேன்.

செட்டை எடுத்துக்கிட்டு விருதுநகர் போனேன். பரண்ல தகர டப்பாவுக்குள்ள மேஸ்திரி இருந்தார், மூணு சக்கரத்தோட. அஞ்சு பச்சை வண்டிகளையும் ஒண்ணொண்ணா மாட்டினேன். கடைசியா மேஸ்திரி. அந்த ஓட்டைக்கு நேரா வெச்சு அழுத்தினேன். போச்சு. ஆனா தொளதொளன்னு ஆடுச்சு.

காரணம் இருக்கு. நம்ம பொருட்காட்சி பொம்மை மாதிரி போலிகள்ல பல, அசல் பொம்மையையே மாதிரியா வெச்சு அச்சு எடுத்துச் செய்யறது. பிளாஸ்டிக் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். அசலும் ஒரு தடவை சுருங்கினதுதான், அதோட நகல் இன்னொரு தடவை சுருங்குது. அதனால போலி எப்பவுமே அசலைவிட இத்தனூண்டு சின்னது. என் இடது கால் குட்டை!

அப்பா எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருந்தார். உள்ளே போய் சைக்கிள் டியூப் துண்டு ஒண்ணு வெட்டிட்டு வந்தார். அதை நடுவுல சுத்தி அழுத்தினார். இறுகிடுச்சு. அடியில ஒரு அட்டைத் துண்டை மடிச்சு வெச்சார்.

"இதுக்குத்தானாடா அந்த ஓட்டை?"ன்னார். 40 ரூபாய்க்கு வாங்கினது, கேட்டது எல்லாம் அவருக்கும் ஞாபகம் இருக்கு.

இப்போ என் மேஜைல நிக்கிறார். உடம்பு முழுக்கப் பச்சை, இடது கால் மட்டும் மஞ்சள், ஒரு முஷ்டி கிடையாது, லேசா ஒரு பக்கம் சாஞ்சு. சேகரிக்கறவங்க கணக்குப்படி இதுக்குப் பைசா பெறாது. ஆர்க்கிடெக்ட்டுக்கு போட்டோ அனுப்பினேன். "என்னோடது முழுசா இருக்கு, ஆனா உன்னோடதுதான் நல்லா இருக்கு"ன்னு பதில் வந்துச்சு.

போன மாசம் அக்கா பையன் வந்திருந்தான். அஞ்சு வயசு. தொடலாமான்னு கேட்டான். ஒரு நொடி வயித்தைப் பிசைஞ்சுது, பொய் சொல்ல மாட்டேன். தொட்டுக்கோன்னேன். பத்தே நிமிஷத்துல ஆறையும் பிரிச்சுட்டான். அஞ்சு பச்சையை அப்படியே போட்டுட்டு மஞ்சளை மட்டும் எடுத்துக்கிட்டு, "மாமா, இதுல ஏன் ஓட்டை இருக்கு?"ன்னான்.

நான் சொல்லல. கண்டுபிடிக்கட்டும் :-)

பி.கு: உங்க வீட்டுப் பரண்லயும் பேர் தெரியாத ஒரு கையோ காலோ கிடக்கும். இறக்கிப் பாருங்க, அப்படியே உங்க கொசுவர்த்தியையும் சுத்துங்க.